வார்னிஷ் நாளன்று எனக்கு முளைத்த தாடி

"ஸென்ஸி! உனக்குத் தாடி முளைச்சிருச்சுடி!"

நாலு மாடிப் படியையும் ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறி வந்து, கதவைக் காலால உதைச்சுத் திறந்துக்கிட்டு தெக்லா இப்படித்தான் கத்தினா. ஆள் ஆறடி. ஹாம்பர்க்காரி. எங்க மியூனிக்குக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியும் மெதுவாப் பேசக் கத்துக்கல. அவளும் படம் போடுறவதான். பூ, பழம், செத்த வாத்து இப்படி.

நானும் ஒட்டீலி அக்காவும் அப்பத்தான் சன்னலோரம் உட்கார்ந்து முள்ளங்கியைச் சீவி உப்புப் போட்டு, ஆளுக்கொரு குவளை பீரை வச்சுக்கிட்டுக் கொண்டாடிக்கிட்டிருந்தோம்.

"எனக்கு எங்கடி தாடி? வெயில்ல மூளை உருகிருச்சா உனக்கு?"ன்னு கேட்டேன்.

"உனக்கு இல்ல. சுவத்துல தொங்குறாளே, அந்த ஸென்ஸிக்கு! மூணாம் கூடத்துல! தாடையிலிருந்து கறுப்பா வழியுது!"

ஒட்டீலி அக்கா கையில இருந்த முள்ளங்கி கீழ விழுந்துச்சு. "தார்"னு மட்டும் சொன்னா. மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு.

நான் யாருன்னு சொல்லிடறேன். ஈஸார் ஆத்தோரம் துணி வெளுக்கிறவ. வாரத்துல ரெண்டு நாள் ஒட்டீலி அக்கா முன்னால அசையாம உட்கார்றதும் என் பொழப்புதான். பதினோரு வருஷமா உட்கார்றேன். வாய் மட்டும் அசையும், அதை அவ கண்டுக்க மாட்டா. அவளுக்கு நாப்பத்தியொரு வயசு. பொம்பளைங்களைப் பெரிய கலைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டாங்க, அதனால தனியா வாத்தியார் பிடிச்சுக் கத்துக்கிட்டவ. வருஷம் தவறாம கண்காட்சிக்குப் படம் அனுப்புவா. வருஷம் தவறாம திரும்பி வரும். பதினாலு படம் அப்படித் திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில கிடக்கு. அதுல ஏழுல நான் இருக்கேன்.

போன கிறிஸ்துமஸுக்கு பாஸாவ் ஊர்லருந்து அவ தம்பி வந்தான். பெண்டாட்டி செத்து ரெண்டு வருஷம், அஞ்சு பிள்ளைங்க. "கல்யாணமும் பண்ணல, படமும் விக்கல. இங்க என்னத்தைக் கட்டிக் காப்பாத்துறே? வந்து என் வீட்டைப் பாரு"ன்னான். நான் மட்டும் அங்க இருந்திருந்தா அவன் மண்டையில சோப்புத் தண்ணியைக் கவுத்திருப்பேன். அக்கா என்ன சொன்னா தெரியுமா? "இந்த வருஷம் கண்காட்சி திறக்கிற அன்னிக்கு என் படம் சுவத்துல இருந்தா இங்க இருப்பேன். இல்லாட்டி எல்லாத்தையும் வித்துட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன்." சொன்னதோட விடல, கையடிச்சுக் கொடுத்தா. சொன்ன சொல்லைக் காப்பாத்துற புண்ணியவதி! அவ போயிட்டா எனக்கு என்ன இருக்கு? துணியும் தண்ணியும்தான்.

பத்து நாள் முன்னால கடிதாசி வந்துச்சு. "மதிப்புக்குரிய திருவாளர் ஓ. லிண்ட்னர் அவர்களுக்கு, தங்கள் 'சலவைக்காரி' படம் மூன்றாம் கூடத்தில் கண் மட்டத்தில் மாட்டப்பட்டுள்ளது." மூணாம் கூடம்! கண் மட்டம்! அங்க மாட்டுறதுக்குப் பெரிய பெரிய மீசைக்காரங்க எல்லாம் தவம் கிடப்பாங்க. அக்கா பெயரை முழுசா எழுதாம ஒரே எழுத்துல கையெழுத்துப் போட்டிருந்தா. அவங்களா ஆம்பளைன்னு நினைச்சுக்கிட்டாங்க. நாங்க போய்த் திருத்தணுமா என்ன? தெக்லா முழுப் பெயரோட அனுப்புவா. போன வருஷம் அவ வாத்துப் படத்தை முதல்ல கண் மட்டத்துல மாட்டிட்டு, அவ நேர்ல வந்து நின்னதும் கழட்டி வாசக்கதவுக்கு மேல ஏத்திட்டாங்க. கழுத்து சுளுக்கினாத்தான் வாத்து தெரியும்.

அதனாலதான் இன்னிக்கு அக்கா கண்காட்சிப் பக்கமே போகல. இன்னிக்கு வார்னிஷ் நாள். நாளைக்குக் காலைல திறப்பு. இன்னிக்கு முழுக்கப் படம் போட்டவங்க எல்லாம் உள்ள வந்து, அவங்கவங்க படத்துக்கு வார்னிஷ் பூசலாம், குறை இருந்தா சரி பண்ணலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடிப்பாங்க. அதுக்கப்புறம் யாரும் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. எந்தப் படத்தையும் இறக்கக் கூடாது, ஏத்தக் கூடாது. ஆறு மணி வரைக்கும் தலைகாட்டாம இருந்துட்டா ஜெயிச்சோம்னுதான் பீரைத் திறந்தோம்.

இப்பப் பார்த்தா தாடி!

"குளிர்காலத்துல அடுப்புக்குக்கூட கரி இல்லாத அறையில தாரைக் குழைச்சுப் பூசினே. அன்னிக்கே சொன்னேன்"னு தெக்லா குதிச்சா. "அந்தக் கூடத்துக்குக் கண்ணாடிக் கூரைடி! உள்ள ரொட்டி சுடலாம், அவ்வளவு சூடு!"

எங்க ஊர்ல படம் போடுறவங்க எல்லாருக்கும் இந்தத் தார்ப் பைத்தியம் உண்டு. நிழலுக்கு அதைப் பூசினா கறுப்பும் தேனும் கலந்த மாதிரி ஆழமா மின்னும். ஆனா அந்தச் சனியன் காயவே காயாது. சூடு பட்டா இளகி வழியும். அக்கா என் தாடைக்குக் கீழ நிழல் நல்லா இறங்கணும்னு ரெண்டு கை அதிகமாவே அப்பியிருந்தா.

"நீ சரி பண்ணிட்டு வந்திருக்கலாம்ல?"ன்னு தெக்லாவைக் கேட்டேன்.

"அடுத்தவங்க படத்துல கை வச்சா ரெண்டு படத்தையும் தூக்கி எறிஞ்சிருவாங்க."

"யாராவது ஆம்பளையை லிண்ட்னர்னு சொல்லி அனுப்பினா?"

"பிரஷ்ஷைப் பிடிக்கிற பிடியிலயே தெரிஞ்சுரும்."

அக்கா எழுந்தா. அழுவான்னு பார்த்தேன். அவ போய் முகம் கழுவிட்டு வந்து, "பாஸாவ்லயும் ஆறு ஓடுது. மூணு ஆறு"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்!

"மூணு ஆத்துலயும் போய் விழு! இத்தனை வருஷம் நான் முதுகு ஒடிய உட்கார்ந்தது உன் தம்பி பிள்ளைங்களுக்கு நீ மூக்கு துடைச்சுவிடவா? பாவாடையைக் கழட்டு!"

"என்னது?"

"கழட்டுங்கிறேன். என் வேலைப் பாவாடையைக் கட்டு. என் சித்தி மகள் ஆப்ராதான் அங்க தரை தேய்க்கிற பொம்பளைங்களுக்கு மேஸ்திரி. வாளியோட போற பொம்பளையை எவன் நிமிர்ந்து பார்க்கிறான்?"

தெக்லா சிரிச்ச சிரிப்புல சன்னல் அதிர்ந்துச்சு. வாளிக்குள்ள சாயக் குழாய், பிரஷ், சுரண்டுற கத்தி, டர்பன்டைன் புட்டி எல்லாத்தையும் போட்டு மேல தேய்க்கிற துணியால மூடினோம். அக்கா கடிதாசியோட வந்த நுழைவுச் சீட்டை மட்டும் ரவிக்கைக்குள்ள சொருகிக்கிட்டா. எதுக்குன்னு கேட்டேன். "தெரியல"ன்னா.

ஆப்ரா எங்களைப் பின் வாசல்ல பார்த்துட்டு இடுப்புல கை வச்சா. "ஸென்ஸி, மூணாம் கூடத்துல தொங்குறவளே நீதானேடி! நீயே வந்து நின்னா அடையாளம் தெரியாதா?"

மாதாவே! அதை நான் யோசிக்கவே இல்ல. முக்காட்டைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டேன். உரலுக்குள்ள தலையைக் கொடுத்தாச்சு, இனி உலக்கைக்குப் பயந்தா முடியுமா?

"தேய்க்கிறதும் தேய்க்கணும்"னு ஆப்ரா ஒரு தண்ணி வாளியையும் கையில கொடுத்துட்டுச் சொன்னா. "கூடம் பளிச்சுன்னு இருக்கணும். உங்க கூத்துக்காக நான் திட்டு வாங்க மாட்டேன்."

உள்ள போனா, அடேங்கப்பா! சுவர் முழுக்கத் தங்கச் சட்டம். ஏணிக்கு ஏணி ஒரு கனவான், கோட்டைக் கழட்டிட்டு, தொப்பியை மட்டும் கழட்டாம, வார்னிஷ் பூசிக்கிட்டிருந்தான். வெக்கை தலையில இறங்குச்சு. மூணாம் கூடத்துக்குள்ள மண்டியிட்டு, தரையைத் தேய்ச்சுக்கிட்டே முழங்காலால நகர்ந்து நகர்ந்து போனோம். நிமிர்ந்தேன். நான் தொங்கிக்கிட்டிருந்தேன்.

கவுத்துப் போட்ட தொட்டி மேல உட்கார்ந்து, மடியில பீர்க் குவளையை வச்சுக்கிட்டு, வாய்விட்டுச் சிரிக்கிறேன். நிஜ ஆள் அளவு. தாடையிலிருந்து கழுத்தெலும்பு வரைக்கும் விரல் தடிமனுக்கு மூணு கறுப்பு ஒழுகல். முன்னால ரெண்டு சின்னப் பசங்க, புதுசா மீசை விட்டதுங்க, நின்னு இளிச்சுக்கிட்டிருந்தாங்க.

"சலவைக்காரி இன்னிக்குச் சவரம் பண்ண மறந்துட்டா போல"ன்னான் ஒருத்தன்.

என் ஈரத் துணி தானா போய் அவன் பூட்ஸ் மேல விழுந்துச்சு. அழுக்குத் தண்ணியோட. "மன்னிச்சுக்கங்க சாமி, கை வழுக்கிருச்சு"ன்னேன். அவங்க உதறிக்கிட்டுப் போனதும், "இப்ப, இப்ப!"ன்னு அக்காவை இடிச்சேன். அவ சாய வாளிக்குள்ள கையை விட்டா. அதே நேரத்துல பின்னால பூட்ஸ் சத்தம்.

படம் மாட்டுற குழுவுக்குத் தலைவர், பேராசிரியர் டேகன்ஹார்ட். ஏணி தூக்குற ஆள் ரெண்டு பேர் பின்னால வந்தாங்க. படத்தைப் பார்த்ததும் அந்த மனுசன் வாயைப் பொத்திக்கிட்டார்.

"அட பாவி லிண்ட்னர்! இந்த எடத்துக்காக நான் எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டேன்! 'பாருங்கய்யா, ஒரு ஆம்பளையோட கை'ன்னு சொன்னேனே! தாரை இப்படியா அப்புவான்?" ஆள்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "கழட்டுங்க. நாளைக்கு மந்திரி வர்றப்ப இது இங்க இருக்கக் கூடாது. கிடங்குல போடுங்க."

ஏணி சுவத்துல சாய்ஞ்சுச்சு. அக்கா கையைப் பிடிச்சேன், ஆனா அவ எழுந்துட்டா.

"நிறுத்துங்க. அது என் படம்."

கூடமே திரும்பிப் பார்த்துச்சு. முழங்கால்ல ஈரம், தலையில முக்காடு, கையில தேய்க்கிற துணி. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, ஏணி ஏணியாச் சிரிச்சாங்க. அக்கா ரவிக்கைக்குள்ளருந்து சீட்டை எடுத்து நீட்டினா.

"லிண்ட்னர் சீட்டு உன்கிட்ட எப்படி வந்துச்சு? திருடினியா?"ன்னார் பேராசிரியர்.

திருடியா! என் அக்காவையா! நான் முக்காட்டைப் பிச்சு எறிஞ்சுட்டு, ஈரக் கையோட போய்ப் படத்துக்குப் பக்கத்துல முகத்தோட முகம் வச்சு நின்னேன்.

"நல்லாப் பாருங்க சாமி! இந்த மூஞ்சிக்குச் சொந்தக்காரி நான். பதினோரு வருஷமா என்னை உட்கார வச்சுப் போடுறது இந்த அம்மாதான். ஆம்பளை கையாம் ஆம்பளை கை! சண்டை போட்டு மாட்டினீங்களே, கண்ணு இருந்ததாலதானே மாட்டினீங்க? இப்ப அந்தக் கண்ணு எங்க போச்சு?"

ஒருத்தரும் சிரிக்கல. என்னைப் பார்க்கிறாங்க, படத்தைப் பார்க்கிறாங்க. பேராசிரியர் மூஞ்சி வேகவச்ச பீட்ரூட்டா ஆயிருச்சு. அவர் ஏமாந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு இல்லையா, அந்தக் கோபம்.

"அப்படியா, அம்மணி. அப்ப இன்னும் நல்லது. கழட்டுங்கடா!"

அக்கா வாளியிலிருந்து பிரஷ்ஷை எடுத்தா. டர்பன்டைன்ல முக்கினா. ஏணியில ஏறினவன் கை சட்டத்துக்குப் போறதுக்குள்ள, ஈரப் பிரஷ்ஷைப் படத்துமேல வச்சுட்டா.

பக்கத்து ஏணியிலிருந்து ஒரு வயசான ஓவியர், மலையும் மாடும் போடுறவர், உரக்கச் சொன்னார்: "ஈரப் பிரஷ், டேகன்ஹார்ட்! வழக்கம் வழக்கம்தான்!"

வார்னிஷ் நாள்ல அப்படி ஒரு வழக்கம் இருக்கு. படம் போட்டவங்களோட ஈரப் பிரஷ் படத்துமேல ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும், ராஜாவே வந்தாலும் அதை அசைக்கக் கூடாது. எழுதி வச்ச சட்டம் இல்ல. ஆனா அதை மீறினா அவரவர் படத்துக்கும் அதே கதிதானே? அதனால ஒருத்தரும் மீற மாட்டாங்க.

பேராசிரியர் சுத்தியும் பார்த்தார். ஏணிக்காரங்க எல்லாரும் அவரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. கடிகாரத்தை எடுத்தார். "நாலே முக்கால். வரையட்டும். எப்ப பிரஷ்ஷைக் கீழ வைக்கிறாளோ அப்பக் கழட்டுங்க"ன்னு சொல்லிட்டு, ஒரு நாற்காலியைப் போட்டு அங்கயே உட்கார்ந்துட்டார்.

"உட்காருடி ஸென்ஸி"ன்னா அக்கா.

வாளியில இருந்த சாயத்தை எல்லாம் அவ பக்கத்துல கொட்டிட்டு, அதைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பீர்க் குவளை வேணுமே! அந்த வயசானவரே தன் குவளையை இறக்கிக் கொடுத்தார். பாதி இருந்துச்சு. எனக்குத்தான்னு நினைச்சுக் குடிச்சுட்டேன்.

இடது கையில கத்தி, வலது கையில பிரஷ். தாரைச் சுரண்டுறா, துடைக்கிறா, ஆனா சாயம் தொட்டுக்கிற நேரம் போக, பிரஷ் படத்தை விட்டு எழவே இல்ல. பச்சையும் செவப்பும் கலந்து ஒரு நிழல் போட்டா பாருங்க, தாரே வேண்டாம்! அஞ்சு பத்துக்கு என் தாடி போயிருச்சு. கழுத்து கழுத்தாயிருச்சு. முடிஞ்சுபோச்சு.

ஆனா இன்னும் அம்பது நிமிஷம் இருக்கே! பிரஷ்ஷைக் கீழ வச்சா கழட்டிருவாங்க. வைக்காம சும்மா பூசிக்கிட்டே இருந்தா படம் கெட்டுப்போகும். நல்லா முடிஞ்ச படத்தை நோண்டி நோண்டிக் கெடுத்தவங்க எத்தனையோ பேர், அது அவளுக்குத் தெரியாதா? அவ நெத்தியில வேர்வை ஒழுகுது. பேராசிரியர் கால் மேல கால் போட்டு ஆட்டிக்கிட்டிருக்கார். என் ஆயுசுல பேச்சு வராம இருந்தது அன்னிக்கு ஒரு நாள்தான்.

அக்கா என் மடியைப் பார்த்தா. குவளையைப் பிடிச்சிருந்த என் கையைப் பார்த்தா. படத்தைப் பார்த்தா. அதுல எனக்கு வெள்ளையா, மெலிசா, சீமாட்டிக்கு இருக்கிற மாதிரி விரல். தேர்வுக் குழு முகம் சுளிக்கக் கூடாதுன்னு எப்பவும் அப்படித்தான் போடுவா. நிஜத்துல என் கை துணி வெளுக்கிற காரத்தண்ணியில வெந்து, செவந்து, வெடிச்சு, முட்டி முட்டியா இருக்கும். சுண்டுவிரல் நீட்ட வராது.

"இது உன் கை இல்ல"ன்னா.

"அக்கா, வேணாம்!" எனக்குப் பேச்சு வந்துருச்சு. "ஊரே பார்க்கும்! மந்திரி பார்ப்பான்! இந்த ஒரு எடத்துலயாவது எனக்கு நல்ல கை இருக்கட்டுமே!"

"அசையாதே."

"எனக்கு வெக்கமா இருக்கு!"

"எனக்கும்தான். பதினோரு வருஷமா இதை மறைச்சிருக்கேன். அசையாதேங்கிறேன்!"

அந்தக் குரலை நான் அவகிட்ட கேட்டதே இல்ல. குவளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவ அந்தச் சீமாட்டி விரலை எல்லாம் கத்தியாலயே சுரண்டிப் போட்டா. கூடத்துல யாரோ "ஐயோ"ன்னாங்க. அப்புறம் ஆரம்பிச்சா. திட்டம் இல்ல, கோடு இல்ல, நேரா சாயம். முட்டி முட்டியா வச்சா. வெடிப்பை வச்சா. கடிகாரத்தை ஒரு தரம்கூடப் பார்க்கல. ஒவ்வொரு ஏணியா ஆள் இறங்கிச்சு. அந்த மீசை முளைச்ச பசங்ககூட வந்து நின்னாங்க, ஒருத்தன் தொப்பியைக் கழட்டியிருந்தான். வாசப்பக்கம் தெக்லா நின்னு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டிருந்தா.

பேராசிரியர் காலை ஆட்டறதை எப்பவோ நிறுத்திட்டார்.

மணி அடிச்சுச்சு. அக்கா காதுல விழல. ரெண்டாம் தரம் அடிச்சப்ப நான்தான் எழுந்து போய் அவ மணிக்கட்டைப் பிடிச்சேன். "அக்கா, மணி. முடிஞ்சுது. யாரும் தொட முடியாது." அவ விரல் பிரஷ்ஷை விடல. ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சு எடுத்தேன்.

படத்தைத் திரும்பிப் பார்த்தேன். அழகுன்னு சொல்ல மாட்டேன், பொய் எதுக்கு. ஆனா அந்தக் கை குவளையைப் பிடிச்சிருந்த பிடி இருக்கே, அதை எந்த மந்திரியாலயும் பிடுங்க முடியாது.

பேராசிரியர் எழுந்தார். படத்துக்குக் கிட்ட போய் அந்தக் கையையே ரொம்ப நேரம் பார்த்தார். ஏணிக்காரங்களைப் பார்த்து "போங்க"ன்னு தலையாட்டிட்டு வெளிய போயிட்டார். தெக்லா போட்ட கூச்சல்ல கண்ணாடிக் கூரை உடையாம இருந்தது மாதா புண்ணியம்.

கூட்டம் கலைஞ்சுச்சோ இல்லையோ, ஆப்ரா வந்து நின்னா. "கூத்து முடிஞ்சுதா? இந்தக் கூடத்தைப் பாருங்க, சாயமும் பீரும்! நாளைக்குக் காலைல திறப்பு. தேய்க்காம ஒருத்தியும் வெளிய போக முடியாது."

"அக்கா, நீ போ. நான் தேய்ச்சுக்கிறேன்"னேன்.

அவ கேட்கல. பாவாடையைச் சொருகிக்கிட்டு மண்டி போட்டுட்டா. ஆனா தேய்க்கத் தெரியுதா? தண்ணியை இந்தப் பக்கம் தள்ளுறா, அந்தப் பக்கம் தள்ளுறா. "அழுத்தித் தேய்டி"ன்னு முதல் தடவையா அவளை நான் 'டி' போட்டுக் கூப்பிட்டேன். அவ சிரிச்சா. கொஞ்ச நேரம் தேய்ச்சா. அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "அடுத்த வருஷம் உன்னை ஆத்துக்குள்ள நிக்க வச்சுப் போடணும், ஸென்ஸி"ன்னா. "இடுப்பு வரைக்கும் தண்ணியில."

அடுத்த வருஷம்! அவ வாயில அந்தப் பேச்சு வந்து நான் கேட்டதே இல்ல.

"தண்ணி ஜில்லுன்னு இருக்கும். நான் நிக்க மாட்டேன்"னு கத்தினேன். கத்திக்கிட்டே அழுதேன். என் கண்ணீர் விழுந்த எடத்தையும் சேர்த்துத் தேய்ச்சேன்.